தாதியர் கல்வியும் உளநோயுற்றார் வாக்கும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என வகுக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பணி செய்பவர் என்பன அந்நான்கு. வரிசையில் நோயுற்றவரே முதலில் நிற்கிறார். நான்காமவரை வள்ளுவர் 'உழைச்செல்வான்' என்கிறார். 'உழை' என்பது பக்கத்தைக் குறிக்கும் சொல்லாதலால், நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் என்பது இதன் பொருள். இன்று தமிழகத்தார் 'செவிலியர்' என்றும், மலேசியத் தமிழர் 'தாதியர்' என்றும், பேச்சுவழக்கில் 'மிஸ்ஸி' என்றும் அழைப்பது இவரையே.

பரிமேலழகர் இந்நான்கு உறுப்புகளில் ஒவ்வொன்றையும் மேலும் நான்காக விரிக்கிறார். நோயுற்றவருக்கு வேண்டியனவாக அவர் கூறுவனவற்றுள் ஒன்று, தம் நோயின் நிலையைப் பிறர் அறிய எடுத்துரைக்கும் ஆற்றல். அருகிருந்து பணி செய்பவருக்கு வேண்டியனவாக நோயாளியிடத்தில் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு ஆகியவற்றைக் குறிக்கிறார். வடமொழியில் சரக சங்கிதையும் நோயாளியின் குணங்களுள் தன் நிலையைத் தெரிவிக்கும் திறனைச் சேர்த்துள்ளது. நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் மருத்துவம் முழுமை பெறும் என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர்.

உடல்நோய்களில் இந்த நெறிக்குப் பெரும்பாலும் இடையூறு இல்லை. வயிற்றுவலிக்காரர் வலிக்கும் இடத்தைக் காட்டினால் யாரும் ஐயுறுவதில்லை. உளநோயில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. ஒருவருக்கு மனம் நலிந்தது என்று முடிவுகட்டியவுடன், அவர் சொல் எதுவாயினும் அது நோயின் அறிகுறி என்றே கொள்ளப்படுகிறது. 'ஊசி போட்டபின் உட்கார முடியவில்லை' என்று அவர் சொன்னால், 'கிளர்ச்சி மிகுந்துள்ளது' என்று ஏட்டில் எழுதப்படக்கூடும். நான்கு உறுப்புகளுள் முதலாவது வாயடைத்து நிற்க, மற்ற மூன்றும் இயங்குகின்றன. இக்குறையைத் தாதியர் கல்வியிலேயே திருத்த முயலும் ஒரு நெறி கடந்த நாற்பதாண்டுகளாக வளர்ந்து வருகிறது. உளநலச் சேவையைப் பெற்றவர்களையே தாதியர் வகுப்பில் ஆசிரியராக அமர்த்துவது அந்நெறி. அதன் வரலாற்றையும் பயனையும் இடர்களையும், பினாங்குக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

வசையான மூன்று ஊர்கள்

சென்னையில் ஒருவரைப் பித்தர் என்று இகழ விரும்புவோர் 'கீழ்ப்பாக்கம்' என்பர். இலங்கையில் அதே பொருளில் 'அங்கொடை' என்பர். மலேசியாவில் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்றால் போதும். மூன்றும் ஊர்ப்பெயர்கள். மூன்று ஊர்களிலும் மக்கள் உழைத்து வாழ்கின்றனர். அங்கே உளநோய் மருத்துவமனை எழுந்த ஒரே காரணத்தால் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாயிற்று.

பேராக்கில் ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் திறக்கப்பட்ட மருத்துவமனை இன்று 'பகாகியா' எனப்படுகிறது. மகிழ்ச்சி என்பது அம்மலாய்ச் சொல்லின் பொருள். ஜொகூர் பாருவில் உள்ளது 'பெர்மாய்', கூச்சிங்கில் உள்ளது 'செந்தோசா', கோத்தா கினபாலுவில் உள்ளது 'மெஸ்ரா'. அழகு, அமைதி, அன்பு என நல்ல பொருள் தரும் பெயர்களே சூட்டப்பட்டன. எனினும் வசை போகவில்லை. பலகையில் எழுதிய பெயரை மாற்றுவது எளிது. உள்ளே இருப்பவரைப் பற்றி வெளியே இருப்பவர் கொண்ட எண்ணத்தை மாற்றுவது அரிது. அந்த வெளியுலகிலிருந்துதான் தாதியர் மாணவியும் வருகிறாள். வசையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவள், வெள்ளை உடை அணிந்த அன்றே அதனை மறந்துவிடுவாள் என்று எதிர்பார்க்க இயலாது.

பினாங்கின் தனியிடம்

1786இல் பிரான்சிஸ் லைட் குடியேற்றம் நிறுவிய பினாங்கில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பித்தர் காப்பகம் ஒன்று இருந்தது. மலாயாவின் உளநோய்ப் பராமரிப்பு வரலாறு இத்தீவிலிருந்தே தொடங்குகிறது எனலாம். பிற்காலத்தில் பெரிய காப்பகங்கள் தீபகற்பத்தில் எழுந்தன. நோயுற்றவர் குடும்பத்தையும் தெருவையும் கோயிலையும் விட்டுத் தொலைவான ஊருக்கு அனுப்பப்பட்டனர். பலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கினர்.

அந்தப் போக்கில் முதல் மாற்றம் தோன்றியதும் பினாங்கில்தான். நாட்டின் பொது மருத்துவமனைகளுள் முதன்முதலாக உளநோய்ப் பிரிவு அமைந்தது 1958இல், பினாங்குப் பொது மருத்துவமனையில். காய்ச்சலுக்கு வருபவரும் மனச்சோர்வுக்கு வருபவரும் ஒரே வாயிலில் நுழையும் நிலை அதனால் உண்டாயிற்று. நோயுற்றவர் தம் ஊரிலேயே மருத்துவம் பெறலாம்; உறவினர் மாலையில் சோறு கொண்டுவரலாம்; குணமடைந்தபின் வீட்டுக்கு நடந்தே போகலாம். பின்னர் மற்ற மாநிலங்களிலும் இத்தகைய பிரிவுகள் பெருகின. 1952ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2001இல் உளநலச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிகள் 2010இல் நடைமுறைக்கு வந்தன. 'மெந்தாரி' எனப்படும் சமூக உளநல நிலையங்களும் தொடங்கப்பட்டு, நோயிலிருந்து மீள்வோர் வேலை தேடவும் அதில் நிலைக்கவும் துணை செய்கின்றன.

இம்மாற்றங்களால் தாதியின் பணியும் மாறியுள்ளது. காப்பகத்தில் அவள் காவலர்; திறவுகோற் கொத்து இடுப்பில் தொங்கியது. சமூக நிலையத்தில் அவள் உடன் நடப்பவர். நோயுற்றவர் விருப்பம் என்ன, அச்சம் என்ன, எதை நம்புகிறார் என்பதை அறியாமல் அப்பணியைச் செய்ய முடியாது. 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோருள் 4.6 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கு ஆட்பட்டுள்ளதாகக் கண்டது. 2019இல் இது 2.3 விழுக்காடு. எனவே உளநோய்ப் பிரிவுத் தாதியர் மட்டுமல்லர், பிரசவ அறையிலும் முதியோர் கூடத்திலும் சிறு மருந்தகத்திலும் பணிபுரியும் ஒவ்வொரு தாதியும் மனம் நலிந்தவரைச் சந்திக்கவே செய்வார்.

தாதியருக்குக் கற்பித்தவர் யார்?

பிரிட்டனில் 1885இல் மருத்துவர்கள் எழுதிய கையேடு ஒன்று காப்பகப் பணியாளருக்கெனவே வெளிவந்தது. 1891 முதல் அவர்களுக்குத் தேர்வும் சான்றிதழும் ஏற்பட்டன. பயிற்சியே இல்லாத காலத்தை நோக்க, இது பெரிய முன்னேற்றம். ஆயினும் மருத்துவர் கற்பித்தார், பணியாளர் கற்றார், நோயாளி கற்கப்படும் பொருளானார்.

நோயாளியை வகுப்புக்குக் கொண்டுவரும் வழக்கமும் அக்காலத்திலேயே இருந்தது. பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் 1880களில் சார்க்கோ என்னும் பேராசிரியர் நடத்திய செவ்வாய்க்கிழமைப் பாடங்கள் புகழ்பெற்றவை. நோயுற்ற பெண்களை அவையின்முன் நிறுத்தி, அவர்களின் வலிப்பையும் மயக்கத்தையும் காட்டி விளக்குவார். 1887இல் புருயே தீட்டிய ஓவியம் அக்காட்சியை நமக்குக் காட்டுகிறது: ஆண்கள் கூட்டமாக அமர்ந்திருக்க, மயங்கிச் சாயும் பெண்ணைச் சுட்டி ஆசிரியர் பேசுகிறார். அவள் வகுப்பில் இருக்கிறாள். அவள் சொல்லுக்கு அங்கே இடமில்லை. நாம் கூறவரும் நெறியை இந்தக் காட்சிப்படுத்தலோடு மயங்கக் கூடாது. அங்கே நோயாளி காட்டப்பட்டார். இங்கே அவர் கற்பிக்கிறார். என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவரே முடிவு செய்கிறார்.

1952இல் அமெரிக்கத் தாதியர் அறிஞர் ஹில்டகார்ட் பெப்ளாவ், தாதிக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே மருத்துவத்தின் ஒரு பகுதி என்று தம் நூலில் நிறுவினார். உறவு என்பது இருவருக்கிடையே அமைவது. அதன் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு உறவைக் கற்க முடியுமா என்னும் கேள்வி அதிலிருந்து எழுந்தது.

நோயுற்றார் குரல்

அக்கேள்விக்கு விடைபோல, நோயுற்றோரின் குரல் அதற்கு நூறாண்டுக்கு முன்பே ஒலிக்கத் தொடங்கியிருந்தது. இங்கிலாந்தின் தலைமை அமைச்சராயிருந்து 1812இல் கொல்லப்பட்ட ஸ்பென்சர் பெர்சிவலின் மகன் ஜான், தாம் காப்பகங்களில் பட்ட துன்பத்தை நூலாக எழுதினார். 1845இல் தோன்றிய, பித்தர் எனப்பட்டோருக்குத் துணைநிற்கும் சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். அமெரிக்காவில் கிளிஃபர்டு பியர்ஸ் 1908இல் தம் வரலாற்றை வெளியிட்டார். காப்பகப் பணியாளர் தம்மை நடத்திய விதத்தை அவர் ஒளிக்காமல் எழுதியது நாட்டையே உலுக்கியது. உளநலத்துக்கான மக்கள் இயக்கம் அதிலிருந்து பிறந்தது. இவர்கள் இருவரும் எழுத்தறிவும் குடிப்பிறப்பும் உடையவர்கள். அதனால் உலகம் செவிசாய்த்தது. எழுதத் தெரியாத ஆயிரக்கணக்கானோர் அறிந்தது அவர்களோடே மறைந்தது.

1980களில் பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில் நோயினின்று மீண்டவர்கள் சங்கங்களாகத் திரண்டனர். பிரிட்டனில் உளநோய்த் தாதியர் பணியை ஆராய்ந்து 1994இல் வெளியான அறிக்கை, சேவையைப் பெறுவோரும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரும் பாடத்திட்டம் வகுப்பதிலும் கற்பிப்பதிலும் பங்கு பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்நாட்டுத் தாதியர் மன்றம் 2010இல் வெளியிட்ட கல்வி விதிகளில், இவர்கள் எவ்வாறு பங்கு பெறுகின்றனர் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் காட்டியாக வேண்டும் என்றாயிற்று. 2018ஆம் ஆண்டின் விதிகளும் அதனை வலியுறுத்தின. பல இடங்களில் மாணவரைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலிலும் நோயுற்றவர் ஒருவர் அமர்கிறார்.

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் ஒருபடி மேலே சென்றது. உளநலச் சேவையைத் தாமே பெற்ற கேத் ரோப்பர் என்பவரை, அந்த அனுபவத்தின் அடிப்படையிலேயே கல்வியாளராக நியமித்தது. ஆண்டுக்கு ஒருமுறை வந்து கதை சொல்லிப் போகும் விருந்தினர் என்ற நிலை மாறி, பாடம் அமைத்து, கற்பித்து, ஆய்வு செய்யும் பதவி உண்டாயிற்று. பின்னர் ஆஸ்திரேலியாவும் அயர்லாந்து, நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து, நெதர்லாந்து ஆகிய ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து, அனுபவம் உடையோரும் தாதியர் ஆசிரியரும் இணைந்து வகுத்த பாடம் ஒன்றை உருவாக்கின.

அவர் எதைக் கற்பிக்கிறார்?

மருந்தின் வேதியியலை மருந்தியல் ஆசிரியர் கற்பிக்கலாம். நோயின் வகைகளை மருத்துவர் கற்பிக்கலாம். நோயுற்றவர் கற்பிப்பது வேறு. மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது, மேலே சொன்ன 'உட்கார முடியவில்லை' என்பது. உளநோய் மருந்துகள் சிலவற்றால், கால்கள் ஓயாமல் அசைய, உள்ளுக்குள் தாங்கமுடியாத தவிப்பு உண்டாவதுண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நோயின் கிளர்ச்சி போலவே தோன்றும். அதை நோய் என்று எண்ணி மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். பாடநூலில் இதற்கு ஒரு பெயரும் நான்கு வரியும் உண்டு. மாணவி அதைத் தேர்வுக்குப் படித்து மறப்பாள். அத்தவிப்பை அனுபவித்தவர் எதிரே அமர்ந்து, 'தோலைக் கழற்றிவிட்டு ஓடவேண்டும் போலிருந்தது. நான் சொன்னதை யாரும் நம்பவில்லை' என்ற வகையில் சொல்லக் கேட்டவள், அடுத்தமுறை அறையில் ஓயாது நடக்கும் நோயாளியைக் கண்டால் மருந்து அட்டவணையைப் புரட்டிப் பார்ப்பாள்.

இரண்டாவது, இல்லாத குரல்களைக் கேட்பது. அமெரிக்க உளவியலாளர் பட்ரீசியா டீகன் இளமையில் உளப்பிளவு நோய் எனக் கணிக்கப்பட்டவர். அவர் அமைத்த பயிற்சியில் மாணவர் காதில் ஒலிக்கருவி பொருத்திக்கொள்வர். வசையும் கட்டளையும் முணுமுணுப்பும் ஓயாமல் ஒலிக்க, அவர்கள் எளிய கணக்குப் போடவும் கேள்விகளுக்கு விடை சொல்லவும் வேண்டும். நோயாளி ஏன் விடை சொல்லத் தாமதிக்கிறார் என்பதைச் சிறிது நேரத்தில் உணர்வர். அதுவரை அவர்கள் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருப்பார்கள்.

மூன்றாவது, மொழி. இது பினாங்கில் தனிக்கவனம் பெறவேண்டியது. ஜார்ஜ் டவுன் மருத்துவமனைக்கு மலாய், ஹொக்கியன், தமிழ், ஆங்கிலம் எனப் பல மொழி பேசுவோர் வருகின்றனர். தாதியர் கல்வியோ மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. 'மனசு சரியில்லை' என்ற தமிழ்ச்சொற்களுக்குள் கவலையும் அடங்கும், கோபமும் அடங்கும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமும் அடங்கும். 'நெஞ்சு அடைக்குது', 'உடம்பெல்லாம் எரியுது', 'தலை கனக்குது' என்று ஒரு மூதாட்டி சொல்வது, மொழிபெயர்ப்பில் இதயநோய், தோல்நோய், தலைவலி என மூன்று நோய்களாகப் பிரிந்துபோகும். மறுபுறத்தில், தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் காவடி எடுப்பவர் அருள்வந்து ஆடுவது நோயன்று. ஆனால் அதே பக்தர் திருவிழா முடிந்து பல வாரங்களுக்குப் பின்னும் உறக்கமின்றிக் குரல்களுக்கு விடையளித்துக் கொண்டிருந்தால் கவனிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, இருநிலையையும் அறிந்த தமிழர் ஒருவர் அரைமணி நேரத்தில் விளக்கிவிடுவார்.

கூடத்தில் காண்பதும் வகுப்பில் கேட்பதும்

'மாணவியர் மருத்துவமனைப் பயிற்சியில் நாள்தோறும் உளநோயாளரைக் காண்கின்றனரே, வகுப்புக்கு வேறு ஏன் அழைக்க வேண்டும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை உளவியலில் உள்ளது.

1954இல் கோர்டன் ஆல்போர்ட் என்னும் அமெரிக்க அறிஞர், இனப்பகை போன்ற முற்சாய்வுகள் எவ்வாறு நீங்கும் என ஆராய்ந்தார். இரு கூட்டத்தார் ஒருவரையொருவர் சந்தித்தால் மட்டும் போதாது. அச்சந்திப்பில் இருவரும் நிகரான நிலையில் இருத்தல், பொதுக்குறிக்கோள் உடைமை, கூடி உழைத்தல், மேலிடத்தின் ஆதரவு ஆகியவை வேண்டும் என்றார். நிகரற்ற சந்திப்பு பழைய எண்ணத்தை உறுதிப்படுத்தவும் கூடும்.

மருத்துவமனைக் கூடத்தில் மாணவி காணும் நோயாளி, தம் வாழ்வின் மிகக் கடினமான நாள்களில் இருப்பவர். மருத்துவமனை உடையில், மருந்தின் மயக்கத்தில், சில வேளை விருப்பத்துக்கு மாறாக அங்கிருப்பவர். மாணவியின் கையில் அட்டவணை. அவர் கையில் ஒன்றுமில்லை. சில வாரப் பயிற்சி முடிந்ததும் மாணவி போய்விடுவாள். அவர் குணமடைந்து, வேலைக்குப் போய், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் நாளை அவள் காண்பதே இல்லை. ஆகவே 'இவர்கள் தேறுவதில்லை' என்ற எண்ணம் அவளிடம் இயல்பாக வேரூன்றுகிறது. தேறியவர்கள் மருத்துவமனையில் தங்குவதில்லை என்பதே உண்மையான காரணம். அதே மனிதர் வகுப்பில் ஆசிரியராக நிற்கும்போது, ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகளுள் முதன்மையானது நிறைவேறுகிறது.

பிற்கால ஆய்வுகளும் இதற்கு ஆதரவு தருகின்றன. பாட்ரிக் காரிகனும் உடனாய்வாளரும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட முடிவு வருமாறு: வயது வந்தோரிடத்தில் உளநோய் பற்றிய இழிவெண்ணத்தைக் குறைப்பதில், செய்தி புகட்டும் கல்வியைவிட நோயுற்றவரோடு நேர்ச்சந்திப்பே வலியது, படக்காட்சியில் காண்பதைவிட நேரில் காண்பது மேல். எனினும் ஒன்றை மறைக்கலாகாது. இத்தகைய ஆய்வுகள் பலவும் வகுப்பு முடிந்த சிறிது காலத்துக்குள் மாணவரின் எண்ணத்தை அளந்தவை. எண்ணம் மாறியது பத்தாண்டுக்குப் பின்னும் பணியில் நிலைக்கிறதா என்பதை அளப்பது கடினம். எனவே ஒருநாள் சொற்பொழிவோடு நிறுத்தாமல், படிப்பின் ஆண்டுகள் முழுவதிலும் இப்பங்கு பரவியிருக்க வேண்டும்.

இடர்கள்

நல்ல நெறியும் தவறாகக் கையாளப்பட்டால் தீங்கு விளைக்கும். இதில் கவனிக்க வேண்டிய இடர்கள் சில.

முதலாவது, பெயரளவுப் பங்கு. ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல், மக்கள் பங்கேற்பை எட்டுப்படி ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படிகளில் பங்கேற்பு என்ற பெயர் மட்டுமே இருக்கும், அதிகாரம் கைமாறாது. பிரிட்டனில் 2004இல் டியூ முதலியோர் உளநலக் கல்விக்கென்றே ஐந்து படிகள் வகுத்தனர்: பங்கே இன்மை, குறைந்த பங்கு, வளரும் பங்கு, கூட்டுழைப்பு, முழுமையான கூட்டாண்மை. ஆண்டுக்கொருமுறை ஒருவரை அழைத்துக் கண்ணீர்க் கதை கேட்டுக் கைதட்டி அனுப்புவது இரண்டாம் படிக்கு மேல் ஏறாது.

இரண்டாவது, சொல்பவர் படும் துன்பம். பழைய காயத்தை மீண்டும் மீண்டும் திறப்பது எளிதன்று. முன்னரே ஆயத்தம் செய்யவும், இடையில் நிறுத்தவும், பின்னர் பேசி ஆறவும் வசதி வேண்டும். அவர் உழைப்புக்கு மற்ற விருந்து விரிவுரையாளருக்குரிய ஊதியமே வழங்க வேண்டும். 'பகிர்ந்துகொள்வதே அவருக்கு நல்லது' என்று கூறி ஊதியத்தைத் தவிர்ப்பது முறையன்று.

மூன்றாவது, மறைபொருள் காத்தல். நம் சமூகத்தில் இது பெரிய தடை. பினாங்குத் தமிழர் ஒருவருக்கொருவர் உறவினராகவோ அறிமுகமானவராகவோ இருப்பர். வகுப்பிலிருக்கும் முப்பது மாணவியருள் ஒருத்தி, பேச வந்தவரின் அடுத்த தெருக்காரியாக இருக்கக்கூடும். அண்ணனுக்கு உளநோய் என்ற செய்தி பரவினால் தங்கையின் திருமணப் பேச்சு முறியும் என்று பெற்றோர் அஞ்சுவது வெறும் கற்பனையன்று. ஆகையால் முகங்காட்டிப் பேசுவது ஒன்றே வழி என்று வற்புறுத்தக் கூடாது. பாடத்திட்டக் குழுவில் இருப்பது, தேர்வு வினாக்களைச் சீர்தூக்குவது, பெயரின்றி எழுதித் தருவது என வேறு வழிகளும் உண்டு.

நான்காவது, சட்டம். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையிடவோ தண்டம் விதிக்கவோ இரண்டும் செய்யவோ இடமளித்தது. அப்பிரிவு நிலவிய காலத்தில், தாம் உயிர்விடத் துணிந்ததை ஒருவர் வகுப்பில் சொல்வது, குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு ஒப்பாயிருந்தது. 2023இல் நாடாளுமன்றம் அப்பிரிவை நீக்கியது. இலங்கை 1998இலேயே இதனை நீக்கிவிட்டது. இன்று மலேசியாவில் அத்தகைய அனுபவம் உடையவர் அச்சமின்றிப் பேசலாம். தாதியர் கல்விக்கு இது புதிதாகத் திறந்த கதவு.

'நன்கு பேசத் தெரிந்த ஒருவர் எல்லா நோயாளருக்கும் பிரதிநிதியாவாரா?' என்ற தடையும் எழுப்பப்படுகிறது. ஆகமாட்டார். ஆனால் ஒரு பேராசிரியரும் எல்லாத் தாதியருக்கும் பிரதிநிதியல்லர். ஆயினும் அவரிடம் கற்கிறோம். இத்தடைக்கு ஏற்ற மருந்து, ஒருவரை நிறுத்துவதற்கு மாறாகப் பலரைச் சேர்ப்பதே: ஆணும் பெண்ணும், முதியவரும் இளையவரும், மலாய் பேசுவோரும் ஹொக்கியன் பேசுவோரும் தமிழ் பேசுவோரும்.

தமிழகம் தரும் பாடங்கள்

தமிழகத்தில் உளநோயுற்றாரின் அருகே நிற்போர் யார் என்ற கேள்விக்குப் பல விடைகள் உண்டு. 1957இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் நிறுவிய உளநல மையத்தில், நோயாளியோடு உறவினரும் தங்கும் முறை வழக்கமாயிற்று. குடும்பத்தார் பார்வையாளராக நில்லாமல், மருத்துவத்தின் உறுப்பினராயினர். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைவராயிருந்த மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கி, மருந்துக்குப் பின்னரும் வாழ்க்கை உண்டு என்பதைச் செயலில் காட்டினார். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய 'பேனியன்' அமைப்பு, தெருவில் கைவிடப்பட்ட உளநோயுற்ற பெண்களுக்கு இடமளித்தது. அங்கே தேறியவர்களுள் சிலர் அவ்வமைப்பிலேயே பிறரைப் பராமரிக்கும் பணியாளர் ஆயினர். நோயுற்றவரே 'உழைச்செல்வான்' ஆனதற்கு இது நல்ல சான்று.

கேளாமையின் விலையையும் தமிழகம் கண்டது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுர மாவட்டம் ஏர்வாடியில், தனியார் விடுதி ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட இயலாமல் உயிரிழந்தனர். தங்களை அவிழ்த்துவிடுமாறு கூவுவோரின் சொல்லைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற பழக்கமே அச்சங்கிலிகளின் பின்னே இருந்தது. இந்தியா 2017இல் இயற்றிய உளநலப் பராமரிப்புச் சட்டம், மேற்பார்வைக் குழுக்களில் உளநோயுற்றவரோ அவரைப் பராமரிப்பவரோ அவர்களுக்காக உழைக்கும் அமைப்பினரோ உறுப்பினராக இடம் வகுத்துள்ளது.

பினாங்கில் செய்யத்தக்கன

மாற்றுத்திறனாளர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றது. அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களையே கலந்து ஈடுபடுத்த வேண்டும் என்றும், அவர்களுக்குப் பணி செய்வோரின் பயிற்சியை வளர்க்க வேண்டும் என்றும் அதன் நான்காம் பிரிவு கூறுகிறது. ஆகவே இந்நெறிக்கு அடிப்படை இங்கே இல்லாமற் போகவில்லை.

தொடக்கம் சிறிதாக இருக்கலாம். ஒரு தாதியர் கல்லூரி, உளநலச் சேவையைப் பெற்ற நால்வரையோ ஐவரையோ, குடும்பத்தார் இருவரையோ கொண்ட குழுவை அமைக்கலாம். அவர்கள் முதலில் ஆசிரியரோடு அமர்ந்து பாடத்திட்டத்தைப் படித்து, விடுபட்டதைக் கூறட்டும். பின்னர் முதலாண்டில், மாணவியர் மருத்துவமனைப் பயிற்சிக்குச் செல்லுமுன் ஒரு வகுப்பு. பயிற்சி முடிந்து வந்தபின் மற்றொரு வகுப்பு. முன்னது அச்சத்தைக் குறைக்கும். பின்னது கண்டதை எண்ணிப் பார்க்க உதவும். மூன்றாம் ஆண்டில், மாணவி நோயாளியோடு உரையாடும் திறனை மதிப்பிடுவதில் அவர்களுக்கும் மதிப்பெண் இடும் உரிமை தரலாம். 'அவள் நான் சொன்னதைக் கேட்டாளா?' என்பதைக் கேட்கப்பட்டவரைவிட நன்றாக மதிப்பிடக்கூடியவர் யார்?

தமிழாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. உளநோயைப் பற்றிய நம் சொற்களைத் திருத்துவது முதற்பணி. பள்ளி வளாகத்தில் ஒரு மாணவன் மற்றவனைத் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று கேலி செய்யும்போது, எழுத்துப்பிழையைத் திருத்துவது போலவே அதையும் ஆசிரியர் திருத்தலாம். தமிழில் மட்டுமே தம் துன்பத்தைச் சொல்லத் தெரிந்த முதியவர் கூறுவதை எழுத்தில் வடிக்கத் துணை செய்யலாம். நோயைக் குறிக்கும் நம் நாட்டுவழக்குகளைத் தொகுத்து, தமிழறியாத தாதியரும் பொருள் உணரும் வண்ணம் மலாயில் விளக்கித் தரலாம். மருத்துவமனையில் இருப்போர் இதனைத் தனியே செய்ய முடியாது. மொழியறிந்தோர் துணை வேண்டும்.

நோயுற்றவரின் எடுத்துரைக்கும் வன்மையை மருத்துவத்துக்கு இன்றியமையாதது என்று நம் உரையாசிரியர் எழுதிப் பல நூற்றாண்டுகள் ஆயின. சொல்லும் வன்மை அவரிடம் இருந்தும், கேட்கும் வன்மை அருகில் நிற்பவரிடம் இல்லையெனில் பயன் யாது? அவ்வன்மை பிறவியில் வருவதன்று, பயிற்சியால் வருவது. அதைப் பயிற்றுவிக்க வல்லவர்கள் ஜார்ஜ் டவுனின் தெருக்களில் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களை வகுப்புக்கு அழைப்பது கல்லூரிகளின் கடன். அவர்கள் தலைநிமிர்ந்து வந்துபோகும் சூழலை உண்டாக்குவது நம் அனைவரின் கடன்.